லாரியில் எக்ஸ்ட்ரா லைட்டுக்கு லைன் எங்கிருந்து எடுப்பது? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

சேசிஸ் வாங்கி நாமக்கல் பட்டறையில் பாடி கட்ட விட்டிருப்பவர், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் ஏற்றுகிறவர், மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி ஓட்டும் பிக்கப்காரர் எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். "ஏனுங்க, டேஷ்போர்டுல ரெண்டு சுவிட்ச் சும்மாத்தான் இருக்குது. ஃபாக் லைட்டு, பின்னாடி ஒர்க் லைட்டு ரெண்டையும் அதுலயே போட்டுக்கலாமுங்களா, இல்ல தனியா லைன் இழுக்கோணுமுங்களா?"

ஒரு எலக்ட்ரீசியன் "தாராளமாப் போடலாமுங்க" என்பார். அடுத்த பட்டறைக்காரர் "ரிலே இல்லாமப் போட்டா எரிஞ்சு போயிருமுங்க" என்பார் (சின்ன கரண்ட்டை வைத்துப் பெரிய கரண்ட்டை ஆன், ஆஃப் செய்யும் குட்டிப் பெட்டிதான் ரிலே). ஷோரூமில் கேட்டால் "எதையும் தொடாதீங்க, வாரன்டி போயிரும்" என்று முடித்துவிடுவார்கள். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு வண்டியை மனதில் வைத்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த சுவிட்ச் என்பது இரண்டாவது கேள்வி. கரண்ட் எங்கிருந்து கிளம்புகிறது, கிளம்பும் இடத்தில் ஃபியூஸ் இருக்கிறதா, போகும் வழியில் ஒயர் எதையெல்லாம் உரசுகிறது என்பதே முதல் கேள்வி. சுவிட்ச் உத்தரவு கொடுத்தால் போதும். லோடைச் சுமக்கும் வேலையை அதன் தலையில் கட்டும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் ஆம்பியர். வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் கிடைத்துவிடும். லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்; பிக்கப், குட்டி யானை வகைகளில் 12 வோல்ட். 40 வாட்ஸ் எல்இடி ஃபாக் லைட் இரண்டு என்றால் 80 வாட்ஸ். லாரியில் அது 3.3 ஆம்பியர், பிக்கப்பில் 6.7 ஆம்பியர். லைட்டும் வெளிச்சமும் ஒன்றுதான், கரண்ட் மட்டும் இரண்டு மடங்கு. "லாரிக்காரர் இப்படித்தான் போட்டிருக்கார், நானும் போட்டுட்டேன்" என்று பிக்கப்காரர் சொல்வது இதனால்தான் செல்லாது. 300 வாட்ஸ் இன்வெர்ட்டரை முழு லோடில் ஓட்டினால் லாரியில் 12.5 ஆம்பியருக்கு மேலும், பிக்கப்பில் 25-க்கு மேலும் இழுக்கும். கேபின் ஃபேன், செல்போன் சார்ஜர் எல்லாம் ஓரிரு ஆம்பியருக்குள் அடங்கிவிடும்.

அடுத்தது தூரம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் மீட்டருக்கு ஏறக்குறைய 11.5 மில்லி ஓம் தடை உண்டு. பேட்டரியிலிருந்து பாடியின் பின்கோடிக்குப் பத்து மீட்டர் இழுத்து, நெகட்டிவையும் அதே அளவு ஒயரில் திருப்பிக் கொண்டுவந்தால், 10 ஆம்பியர் லோடுக்கு 2.3 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். 2.5 சதுர மில்லிமீட்டரில் இழப்பு 1.4 வோல்ட்டாகக் குறையும். காணாமல் போவது எங்கேயும் போய்விடவில்லை, ஒயரைச் சூடாக்கிக்கொண்டு இருக்கிறது. கடையில் ஒயர் வாங்கும்போது ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விலை குறைவு, தடை அதிகம், அதிர்வில் சீக்கிரம் முறியும்.

மூன்றாவது, வண்டியின் வயது. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் இன்ஜினும் சைலன்சரும் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடுகின்றன. பல மாடல்களில் லைட்டுகளைக்கூட ஒரு கன்ட்ரோல் யூனிட்தான் எரிய வைக்கிறது. எந்த ஒயரில் லோடு ஓடுகிறது, எதில் வெறும் தகவல் ஓடுகிறது என்பது வெளியே பார்த்துத் தெரியாது. கரண்ட் வருகிறதா என்று ஒவ்வொரு ஒயரிலும் ஒரு பல்பை வைத்துப் பார்க்கும் பழைய டெஸ்ட் பல்ப் பழக்கத்தை இந்த வண்டிகளில் விட்டுவிட வேண்டும். 24 வோல்ட் 21 வாட்ஸ் பல்ப் ஒன்று முக்கால் ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தகவல் ஒயரில் அதை வைத்தால் யூனிட்டே போகலாம். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீசியனிடம் வண்டியைக் கொடுங்கள்.

நான்காவது, சாவியை எடுத்த பிறகும் அது ஓட வேண்டுமா? தூத்துக்குடித் துறைமுக வாசலில் பனியன் லோடோடு இரவெல்லாம் வரிசையில் நிற்கும் திருப்பூர் வண்டிக்கு ஃபேன் ஓட வேண்டும். ஆனால் ஃபாக் லைட் எரிய வேண்டியதில்லை.

ஐந்தாவது, வழியில் கோளாறு வந்தால் யார் சரி செய்வது? இதை யாரும் யோசிப்பதில்லை. சங்ககிரி வண்டி நாக்பூர் தாண்டி நின்றுவிட்டால், நள்ளிரவில் தாபா ஓரத்தில் கிடைக்கும் எலக்ட்ரீசியனுக்கு உங்கள் ஒயரிங் புரிய வேண்டும்.

சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-ஆவது விதி, சுரம் மாறி மாறி ஒலிக்கும் ஹாரனையும் காதைக் கிழிக்கும் ஹாரனையும் தடை செய்கிறது. ஆகவே ஏர் ஹாரனுக்கு எந்த வழி சிறந்தது என்ற ஒப்பீடே இங்கே கிடையாது. ஓடும் வண்டியின் பின்பக்கம், ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட் லைட், இண்டிகேட்டர் போன்ற விலக்குகள் தவிர, சிவப்பைத் தவிர வேறு நிறத்தில் வெளிச்சம் காட்டக் கூடாது. எனவே பின்னால் பொருத்தும் வெள்ளை ஒர்க் லைட் நின்றுகொண்டு வேலை செய்வதற்கு மட்டும்தான். அது எரிவதை டிரைவருக்குக் காட்டும் சின்னச் சிவப்பு பைலட் விளக்கு சுவிட்சிலேயே இருக்கட்டும். மறந்து எரியவிட்டு ஓட்டினால் பின்னால் வருகிறவருக்குக் கண் தெரியாது.

## வழி 1: ஓடுகிற ஒயரில் கிளை எடுப்பது

பார்க்கிங் லைட் ஒயரைச் சுரண்டி, புது ஒயரை முறுக்கி, டேப் சுற்றிவிடுவது. பத்து நிமிட வேலை, டீக்காசுதான் செலவு.

அந்த ஒயரும் அதன் ஃபியூஸும் ஏற்கெனவே இருக்கிற பல்புகளுக்குக் கணக்குப் பார்த்துப் போடப்பட்டவை. கூடுதல் லோடு ஏறினால் ஃபியூஸ் போகும். போனதும் 10 ஆம்பியர் சிவப்பை எடுத்துவிட்டு 20 ஆம்பியர் மஞ்சளைச் செருகுவார்கள். அதுவும் போனால் செம்பு இழை. அன்றிலிருந்து வண்டியில் ஃபியூஸ் என்பது அந்த ஒயர்தான். தீப்பிடிக்காவிட்டாலும், ஃபாக் லைட்டில் வரும் ஒரு ஷார்ட் பார்க்கிங் லைட்டையும் சேர்த்து அணைக்கும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இரவில் பின் விளக்கு இல்லாத லாரி என்றால் என்ன ஆகும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பிஎஸ்-6 வண்டியில் இன்னொரு தொல்லை. கன்ட்ரோல் யூனிட் ஒவ்வொரு லைட் லைனிலும் ஓடும் கரண்ட்டைக் கண்காணிக்கும் மாடல்கள் உண்டு. கூடுதலாக இழுத்தால் கோளாறு என்று பதிவு செய்யும், சிலதில் அந்த லைனையே அணைத்துவிடும்.

இருந்தாலும் இந்த வழியை முழுக்க ஒதுக்க முடியாது. ஒரு ஆம்பியருக்குக் கீழே இழுக்கும் எல்இடி மார்க்கர் விளக்கு, கேபின் ஸ்ட்ரிப் லைட் போன்றவற்றுக்கு, கன்ட்ரோல் யூனிட் இல்லாத பழைய வண்டியில் இது போதும். அதிலும் ஒயரைச் சுரண்டாமல், ஃபியூஸ் பாக்ஸில் செருகும் ஃபியூஸ் டேப் அடாப்டர் கிடைக்கிறது. இருக்கும் ஃபியூஸோடு இன்னொரு ஃபியூஸும் அதில் உட்காரும், புதிய லைனுக்குத் தனிப் பாதுகாப்பு. செல்போன் சார்ஜர், சின்ன கேமரா என்றால் லைட்டர் சாக்கெட்டே போதும், எதையும் வெட்ட வேண்டாம்.

## வழி 2: சும்மா இருக்கும் ஆக்ஸிலரி சுவிட்சில் நேரடியாக

கேள்வியே இந்த ஆக்ஸிலரி சுவிட்சை, அதாவது கூடுதல் ஐட்டத்துக்கென்று விட்டிருக்கும் சுவிட்சைப் பற்றியதுதான். ஆனால் "சும்மா இருக்கும் சுவிட்ச்" என்பதில் மூன்று ஜாதி இருக்கிறது.

ஒன்று, வெறும் மூடி அல்லது ஒயரே வராத சுவிட்ச். அது இடம் மட்டும்தான் தருகிறது. இரண்டாவது, கம்பெனியே ஃபியூஸும் ஒயரும் போட்டு, முனையை ஒரு கப்ளரில் (செருகிக் கழற்றும் இணைப்பில்) விட்டிருப்பது. பாடி கட்டுவோருக்கென்று தயாரிப்பாளர் தரும் கையேட்டில் அந்தக் கப்ளர் எங்கே இருக்கிறது, எத்தனை ஆம்பியர் வரை எடுக்கலாம் என்று இருக்கும். மூன்றாவது, சுவிட்சிலிருந்து கன்ட்ரோல் யூனிட்டுக்குத் தகவல் மட்டும் போவது. அதில் லைட்டை மாட்டினால் எரியாது. எரிந்தால் உங்கள் பர்ஸ்தான்.

வீடியோக்களில் அமெரிக்கப் பிக்கப்களைப் பார்த்துவிட்டு "அவங்க நேராத்தானே மாட்டுறாங்க" என்று கேட்பவர்கள் உண்டு. ஃபோர்டு சூப்பர் டியூட்டி வண்டிகளில் கூரையில் ஆறு சுவிட்ச் வரிசை வருகிறது. ஆனால் அவற்றுக்குப் பின்னால் ரிலேயும் ஃபியூஸும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாததால் நேராக மாட்டுவது மாதிரி இருக்கிறது. உண்மையில் அது கீழே சொல்லப்போகும் மூன்றாம் வழி.

இரண்டாவது ஜாதி சுவிட்ச் கிடைத்திருந்தால் இந்த வழி நல்லதே. கையேட்டில் உள்ள அளவில் முக்கால் பங்குக்குள் லோடை நிறுத்துங்கள். வாரன்டியில் சண்டை வர வாய்ப்பு இதில்தான் குறைவு. கம்பெனி கொடுத்த கப்ளருக்கு ஏற்ற எதிர்க் கப்ளரை வாங்கி மாட்டுங்கள். கப்ளரை வெட்டி முறுக்கினால் அந்த அனுகூலம் போய்விடும்.

கையேடு இல்லை, எலக்ட்ரீசியனுக்கும் தெரியவில்லை என்றால் அந்த சுவிட்சை நம்பி லோடு ஏற்றாதீர்கள்.

ஒரு கிளைக்கதை: வீட்டுக்குப் போடும் 6 ஆம்பியர் சுவிட்சை டேஷ்போர்டில் திருகி வைத்திருக்கும் வண்டிகளை இன்னும் பார்க்க முடிகிறது. வீட்டுக் கரண்ட் வினாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவதால், சுவிட்சை அணைக்கும்போது வரும் பொறி தானே அணைந்துவிடும். பேட்டரிக் கரண்ட்டுக்கு அந்தப் பூஜ்யம் கிடையாது. சுவிட்ச் மேல் எழுதியிருக்கும் 6 ஆம்பியர் பேட்டரிக்குப் பொருந்தும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

## வழி 3: சுவிட்ச், நடுவில் ரிலே, தலையில் ஃபியூஸ்

பெரும்பாலான ஓனர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

ரிலேயில் நான்கு கால். 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் காயிலுக்கு. 30, 87 இரண்டும் லோடுக்கு. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30-க்கு லைன். 87-லிருந்து லைட்டுக்கு. டேஷ்போர்டு சுவிட்சிலிருந்து 86-க்கு ஒரு மெல்லிய ஒயர், 85-லிருந்து எர்த். காயில் இழுப்பது 24 வோல்ட்டில் ஏறக்குறைய 0.1 ஆம்பியர், 12 வோல்ட்டில் 0.2-க்குள். சுவிட்ச் சுமப்பது அவ்வளவுதான். லைட்டின் கரண்ட் டேஷ்போர்டுக்குள் வரவே வராது.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். லாரிக்கு 24 வோல்ட் ரிலே. 12 வோல்ட் ரிலேயை 24-இல் மாட்டினால் காயிலில் நான்கு மடங்கு சூடு ஏறி சீக்கிரம் எரியும். ஆம்பியரையும் படியுங்கள்: 12 வோல்ட்டில் 40 ஆம்பியர் என்று வரும் அதே சைஸ் ரிலேயின் 24 வோல்ட் வகை பெரும்பாலும் 20 ஆம்பியர்தான் தாங்கும். கடைசியாக, காயில் அணையும்போது எதிர்த்திசையில் ஒரு வோல்ட்டேஜ் உதை வரும். அது மற்ற எலக்ட்ரானிக்ஸைக் கெடுக்காமல் இருக்க உள்ளே டயோடோ ரெசிஸ்டரோ வைத்த ரிலேயைக் கேளுங்கள். டயோடு வகையில் பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. ரிலே மேலே படம் இருக்கும், அதைப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள்.

ஃபியூஸ் எங்கே என்பதில்தான் பட்டறைகள் கோட்டை விடுகின்றன. கைக்கு எட்டும் என்று டேஷ்போர்டுக்குக் கீழே போட்டுவிடுகிறார்கள். பேட்டரியிலிருந்து அதுவரை வரும் மூன்று மீட்டர் ஒயருக்கு அப்போது காவல் யார்? சேசிஸ் இரும்பில் உரசித் தோல் தேய்ந்தால் பேட்டரி முழு பலத்தையும் அங்கே இறக்கும். பேட்டரி டெர்மினலிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அளவு: லோடைப் போல ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு, ஆனால் ஒயர் தாங்குவதற்கு மேல் போகக் கூடாது. கேபின் சூட்டையும் ஒயர்க் கட்டையும் கணக்கில் வைத்து, 1.5 சதுர மில்லிமீட்டருக்கு 10 ஆம்பியர், 2.5-க்கு 15, 4-க்கு 25 என்று நிறுத்திக்கொண்டால் பயமில்லை. ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரைத்தான், லைட்டை அல்ல.

ஜாயின்டுகளைப் பற்றி: முறுக்கி டேப் சுற்றுவது ஒரு கோடைக்குக்கூடத் தாங்காது, சூட்டில் பசை உருகி டேப் கழன்றுவிடும். பற்றவைப்பு நல்லதுதானே என்பார்கள். ஈயம் ஒயருக்குள் ஏறி விறைத்து, அது முடியும் இடத்தில் அதிர்வில் முறிகிறது. சரியான கருவியால் அழுத்திய திம்பிள் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை), அதன் மேல் பசை வைத்த, சூட்டில் சுருங்கும் ஹீட் ஸ்லீவ், இதுதான் லாரிக்கு. பல்லடம், நாமக்கல் பக்கம் கோழி ஏற்றும் வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். கோழி எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும், தண்ணீர் அடித்துக் கழுவுவதும் சேர்ந்துகொண்டால் திம்பிளில் பச்சை பூத்துவிடும். ஈயம் பூசிய திம்பிள் கேட்டு வாங்குங்கள்.

ஒயர் போகும் வழியும் உண்டு. சாய்க்கும் கேபின் என்றால் கேபினுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒயர் கீல் பக்கம் வழியாக, கேபினைச் சாய்க்கும்போது இழுபடாத அளவு தளர்வோடு போக வேண்டும். பிரேக் ஏர் போகும் நைலான் பைப்போடு சேர்த்து டை கட்டுவது எளிது, ஆகவே எல்லோரும் செய்கிறார்கள். ஒயர் சூடேறினால் பைப் உருகும், பிரேக்குக்குப் போகும் காற்று வெளியேறும். தகட்டுத் துளை வழியாக நுழையும் இடத்தில் ரப்பர் கிராமெட் இல்லாமல் விடாதீர்கள்.

பாடி எர்த்தை நம்பாதீர்கள், அதுவும் பெயின்ட் அடித்த, மரப்பலகை போட்ட லோடு பாடியில். நெகட்டிவுக்கும் தனி ஒயர் போட்டு, சேசிஸில் பெயின்ட் சுரண்டிய போல்ட்டில் முடியுங்கள்.

செலவு, ஒரு லைட் செட்டுக்கு ரிலே, ஹோல்டர், ஃபியூஸ், ஒயர் சேர்த்துச் சில நூறு ரூபாய். கூலி பொருளை மிஞ்சும். மறைந்திருக்கும் செலவு பிறகு வருகிறது. நாலாவது, ஐந்தாவது ஐட்டம் சேரும்போது பேட்டரி டெர்மினலில் அடுக்கடுக்காகத் திம்பிள் ஏறும், நட்டு தளரும், எந்த ஒயர் எதற்கு என்று போட்டவருக்கே தெரியாது. அந்த இடத்தில் இந்த வழி முடிகிறது.

## வழி 4: தனி ஃபியூஸ் பாக்ஸ், தனி சுவிட்ச் பேனல்

பேட்டரியிலிருந்து ஒரே ஒரு தடித்த கேபிள், 16 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், தலையில் 60 ஆம்பியர் மெயின் ஃபியூஸ். அது கேபினுக்குள் ஆறோ எட்டோ வழி ஃபியூஸ் பாக்ஸில் முடியும். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஒரு ஃபியூஸ், ஒரு ரிலே, ஒரு பெயர்ச்சீட்டு. நெகட்டிவ்கள் எல்லாம் ஒரு பட்டையில். சாவியோடு அணைய வேண்டியவற்றை ஒரு மாஸ்டர் ரிலேக்குப் பின்னால் வைக்கலாம். ஃபேன், சார்ஜரை அதற்கு முன்னால்.

இதில் பெரிய செலவு பொருள் அல்ல, வண்டி நிற்கும் நாள். தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயரிங்குக்காக இரண்டு நாள் பட்டறையில் நிறுத்த யாருக்கும் மனசு வராது. அதனால் புது வண்டிக்குப் பாடி கட்டும்போதே செய்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். கேபின் உள்தட்டு திறந்தே இருக்கும், வண்டி எப்படியும் நிற்கிறது. அப்போது ஒரு எச்சரிக்கை: பாடியில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். வெல்டிங் கரண்ட் கன்ட்ரோல் யூனிட் வழியாகத் திரும்பினால் அதன் விலையில் பத்து ஃபியூஸ் பாக்ஸ் வாங்கலாம்.

## வழி 5: எலக்ட்ரானிக் சுவிட்ச் பேனல்

டச் பட்டன், ரிமோட், செல்போன் ஆப் என்று ஆன்லைனில் வருகிறதே, அது. ரிலே, ஃபியூஸ் வேலையை ஒரே பெட்டி செய்கிறது, கேபினுக்குள் ஒரு மெல்லிய கேபிள்தான். பார்க்க அழகு. 24 வோல்ட் தாங்குமா என்று முதலில் பாருங்கள், பல பெட்டிகள் 12-க்கு மட்டும். பெட்டி தூங்கும்போதும் கொஞ்சம் இழுக்கும்: 0.1 ஆம்பியர் என்றாலே நாளுக்கு 2.4 ஆம்பியர்-அவர், பதினைந்து நாள் நின்ற வண்டியில் 36. எல்லாவற்றையும் விட, பெட்டி போனால் எல்லா லைட்டும் சேர்ந்து போகும், நெடுஞ்சாலை எலக்ட்ரீசியன் கையை விரித்துவிடுவார். சொந்தமாக ஓட்டும், ஊர் சுற்றும் பிக்கப்புக்குச் சரி. டிரைவரிடம் கொடுத்து வெளிமாநிலம் அனுப்பும் லாரிக்கு நான் சொல்ல மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| வழி | தாங்கும் லோடு | முதல் செலவு | ஒளிந்திருக்கும் செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| ஓடும் ஒயரில் கிளை | 1 ஆம்பியருக்குள் | மிகக் குறைவு | மற்ற விளக்கும் சேர்ந்து அணையும், தீ அபாயம் | பழைய வண்டி, மார்க்கர் விளக்கு |
| ஆக்ஸிலரி சுவிட்சில் நேரடியாக | கையேட்டில் உள்ள அளவில் முக்கால் | குறைவு | தவறான ஜாதி சுவிட்ச் என்றால் கன்ட்ரோல் யூனிட் | வாரன்டி உள்ள புது வண்டி |
| சுவிட்ச், ரிலே, ஃபியூஸ் | ரிலேயும் ஒயரும் தாங்கும் வரை | நடுத்தரம் | ஐட்டம் கூடினால் ஒயர்ச் சிக்கல் | ஒன்று முதல் மூன்று ஐட்டம் |
| தனி ஃபியூஸ் பாக்ஸ் | மெயின் கேபிள் அளவு | அதிகம் | வண்டி நிற்கும் நாள் | நான்கு ஐட்டத்துக்கு மேல், புது பாடி |
| எலக்ட்ரானிக் பேனல் | பெட்டியைப் பொறுத்து | மிக அதிகம் | வழியில் ரிப்பேர் இல்லை, பேட்டரி வடிதல் | சொந்த உபயோகப் பிக்கப் |

## லாரியில் 12 வோல்ட் வேண்டுமென்றால்

மியூசிக் சிஸ்டம், ரிவர்ஸ் கேமரா எல்லாம் பெரும்பாலும் 12 வோல்ட். இங்கேயும் இரண்டு வழி. ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் லைன் எடுப்பது ஒன்று, 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் மற்றொன்று.

முதலாவது சும்மா கிடைப்பதால் ஊரெல்லாம் இதைத்தான் செய்கிறார்கள். 5 ஆம்பியர் எட்டு மணி நேரம் இழுத்தால் ஒரே பேட்டரியிலிருந்து 40 ஆம்பியர்-அவர் போகிறது, பக்கத்துப் பேட்டரி நிரம்பியே இருக்கிறது. டைனமோவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டையும் சேர்த்து 28 வோல்ட் என்றுதான் அது பார்க்கும். இளைத்த பேட்டரி 14-க்குக் குறைவாகவும், நிரம்பியது 14-க்கு மேலும் வாங்கும். ஒன்று என்றைக்கும் முழுதாக ஏறாமல் கெட்டுப்போகும், மற்றது கொதித்துத் தண்ணீர் வற்றும். கடைசியில் இரண்டு பேட்டரியையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். சும்மா கிடைத்த லைனின் விலை அது.

கன்வெர்ட்டர் வாங்கினால் 12 வோல்ட் பக்கம் 10 ஆம்பியர் தருவது போதும், 24 பக்கம் 5 முதல் 6 இழுக்கும். ஒரு ஃபியூஸ் முன்னால், ஒன்று பின்னால், சாவியோடு அணையும்படி ரிலே. விலை மிகக் குறைந்ததை வாங்கினால் எஃப்எம் ரேடியோவில் இரைச்சல் கேட்கும். இந்த ஒப்பீட்டில் நடுநிலை எனக்கில்லை, ஒற்றைப் பேட்டரி லைன் எடுத்த வண்டி என்றால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

## யாருக்கு எது

பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் ஓட்டும் 12 வோல்ட் பிக்கப்புக்கு ஒரு ஜோடி ஃபாக் லைட் மட்டும் வேண்டுமென்றால் மூன்றாம் வழி. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பனி இறங்கும்போது அது பயன்படும். லைட்டைத் தாழ்வாக மாட்டுங்கள். கூரையில் மாட்டினால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும்.

வாரன்டிக்குள் இருக்கும் பிஎஸ்-6 லாரிக்கு, கையேட்டில் கப்ளர் இருந்தால் இரண்டாம் வழி. இல்லையென்றால் மூன்றாம் வழி, ஆனால் வண்டியின் ஹார்னஸை (கம்பெனி ஒயர்க் கட்டை) எங்கேயும் வெட்டாமல், பேட்டரியிலிருந்து முழுக்கத் தனியாக. புது சுவிட்சை வெறும் மூடி இருக்கும் இடத்தில் பொருத்திக்கொள்ளலாம்.

கோழி லாரிக்கும் முட்டை லாரிக்கும் பின்னால் நின்று இரவில் ஏற்ற வெளிச்சம் வேண்டும். கோழி பிடிக்கும்போது நீல வெளிச்சம் போட்டால் பறவைகள் மிரளாமல் இருக்கும் என்பதால் வெள்ளை ஒரு சுவிட்ச், நீலம் ஒரு சுவிட்ச். கேபின் ஐட்டங்களையும் சேர்த்தால் நான்கைத் தாண்டும், நான்காம் வழி.

போர்வெல் ரிக் லாரிக்கு யோசிக்கவே வேண்டாம், நான்காம் வழிதான். கம்ப்ரஸர் அதிர்வு, சேறு, ராத்திரி வேலை, ஆறேழு ஒர்க் லைட், அதுவும் மொழி தெரியாத ஊரில். பெயர்ச்சீட்டு ஒட்டிய ஃபியூஸ் பாக்ஸ் இருந்தால் ஆபரேட்டரே பார்த்துக்கொள்வார்.

பெட்ரோல், எல்பிஜி டேங்கர்களுக்கு மேலே சொன்ன எதுவும் செல்லாது. நாமக்கல் பக்கம் அவை நிறைய இருப்பதால் தனியாகச் சொல்கிறேன்: மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ அனுமதித்த வரைபடத்துக்கு வெளியே ஒரு சார்ஜர் லைன்கூட இழுக்கக் கூடாது.

எந்த வழியானாலும் பட்டறையை விட்டுக் கிளம்பும் முன் இன்ஜினை ஓடவிட்டு, போட்ட எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆன் செய்து அரை மணி நேரம் விடுங்கள். பிறகு ஒவ்வொரு ஃபியூஸ் ஹோல்டரையும், ரிலே அடியையும், சுவிட்ச் பின்புறத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்த ஜாயின்டைக் கழற்றி மறுபடி திம்பிள் அடித்த பிறகு பணம் கொடுங்கள். எந்த ஃபியூஸ் எதற்கு, எத்தனை ஆம்பியர் என்று எலக்ட்ரீசியனின் கையெழுத்திலேயே ஒரு தாளில் வாங்கி, ஆர்சி புக் காகிதங்களோடு கேபினில் வைத்துவிடுங்கள். கூடவே அதே அளவில் நாலைந்து உபரி ஃபியூஸ்.